தேரிக்காட்டு வி.பி.எஸ்.

எங்கள் ஊரில் வி.பி.எஸ். காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். நகரத்திலிருந்து வரும் ஆசிரியர் கையேட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்று அச்சிட்டிருப்பார்கள். நான் டைரக்டராகப் பொறுப்பேற்ற வருஷம், அந்த அரை மணி நேரத்தை முன்னால் தள்ளுவதற்குச் சபைக் கமிட்டியில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசவேண்டியிருந்தது. வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியை நடத்துகிறவரை டைரக்டர் என்றுதான் சொல்வோம். சினிமாக்காரர்களுக்கு அடுத்தபடியாக அந்தப் பட்டம் எங்களுக்குத்தான்.

கமிட்டியில் ஒரு பெரியவர், “அச்சுப் போட்டு வந்திருக்கு. அத மாத்த நாம யாரு?” என்றார். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்திருந்த ஆச்சி, பேச அழைக்கப்படாமலே பேசினாள். “அச்சுப் போட்டவருக்குப் பதநீர் காய்ச்சத் தெரியுமாய்யா? தெரிஞ்சா வரச் சொல்லுங்க. ஒம்பது மணிக்குச் சட்டியடியில அவரு நிக்கட்டும், நான் பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்.” அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. எட்டரை என்று தீர்மானமாயிற்று.

சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையில் செம்மணல் தேரி ஓரமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பனையும் உடைமரமும் மணலும்தான். மே மாதம் என்பது பள்ளிக்கூடத்துக்கு லீவு, பனைக்கு உச்சம். விடியும் முன்பே பனையேறி மரத்தில் இருப்பார். ஏழு, ஏழரைக்குள் சுண்ணாம்புக் கலயங்கள் காலியாகிப் பதநீர், அதைக் காய்ச்சுகிற குடிசையான விடிலிக்கு வந்து சேர்ந்துவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் அதைச் சுமக்கக் கை கொடுப்பார்கள். அதன்பிறகு அடுப்பு. சருகும் சுள்ளியும் தள்ளித் தள்ளி, பெரிய சட்டியில் பதநீர் கொதித்துப் பாகாகிச் சிரட்டையில் ஊற்றுகிறவரை மூன்று, மூன்றரை மணி நேரம் அம்மாவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்ப முடியாது. அந்த நேரத்தில் நாலு வயதும் ஆறு வயதும் விடிலிக்குள் ஓடி விளையாடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொதிக்கிற பாகு உடம்பில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைப் போல வழிந்து போகாது. முழங்கையில் அந்தத் தழும்பு உள்ள பிள்ளைகள் எல்லா வருஷமும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள்.

எட்டரை முதல் பதினொன்றரை வரை சபைக் கோயிலில் ஓலைப் பந்தல் நிழலில் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள் என்பது ஊருக்கு வேதபாடத்தைவிட முக்கியமான சேதி. பத்து நாள் நாங்கள் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று எந்த அம்மாவும் என்னிடம் கேட்டதில்லை. “நாளைக்கும் உண்டும்லா டீச்சர்?” என்றுதான் கேட்பார்கள்.

இது எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இவ்வளவு தயாரித்துக்கொண்டு போகிறோமே, நம்மைப் பிள்ளை பார்க்கிற ஆயா மாதிரி நினைக்கிறார்களே என்று. பிறகு இந்தப் பள்ளிகள் எப்படி உண்டாயின என்று படித்தபோது அந்த வருத்தம் போய்விட்டது. 1898-இல் நியூயார்க் நகரத்தின் கிழக்குப் பகுதியில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், கோடை லீவில் தெருவிலேயே கிடந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டும் கதையும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தார். வேறு இடம் அகப்படாமல் அவர் வாடகைக்கு எடுத்தது ஒரு பீர்க்கடைக் கூடம். இன்றைக்கு எங்கள் சபைகளில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். 1901-இல் ராபர்ட் பாவில் என்ற போதகர் அந்த யோசனையை எடுத்துப் பல இடங்களில் நடத்தி ஓர் இயக்கமாக்கினார். அதற்கும் முன்னால், 1780-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியும் இப்படித்தான். ஆறு நாளும் ஊசித் தொழிற்சாலையில் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. அன்றைக்கு அவர்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பெற்றவர்கள் எந்த நேரம் வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் எந்த நேரம் சும்மா இருக்கிறார்கள் என்ற கணக்கிலிருந்து பிறந்த பள்ளிகள் இவை. எங்கள் ஆச்சி ரெய்க்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அவர் போட்ட கணக்கைத்தான் அவளும் போட்டாள்.

ஏப்ரலில் ஆசிரியர் பயிற்சி நடக்கும். பக்கத்துச் சபைச் சேகரங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். அந்த வருஷத் தலைப்பு, தலைப்புப் பாட்டு, வகுப்பு வாரியாகப் பாடப்புத்தகம், மனப்பாட வசன அட்டை, கதைக்கு வண்ணப்படங்கள் எல்லாம் ஒரு பையில் கொடுத்து அனுப்புவார்கள். பாட்டுக்கு ஆக்‌ஷன் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சியில் கலகலப்பான நேரம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்கள் எல்லாம் யானை மாதிரி நடந்து காட்டுவார்கள்.

படங்கள்தான் எனக்கு எப்போதும் தகராறு. சகேயு ஏறின காட்டத்தி மரத்தை, இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் வருகிற ஓக் மரமாக வரைந்திருப்பார்கள். நல்ல மேய்ப்பனின் ஆடுகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று கம்பளிமூட்டையாக நிற்கும். எங்கள் பிள்ளைகள் பார்த்த ஆடு உடைங்காய் தின்கிற வெள்ளாடு. படத்தைக் காட்டினால், “இது என்ன டீச்சர், நாயா?” என்று கேட்பார்கள். நானும் மற்ற டீச்சர்மாரும் படங்களைப் பையிலேயே வைத்துவிட்டுக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தோம்.

மற்ற டீச்சர்மார் என்றால் யார்? ஞாயிறு பள்ளியில் நிரந்தரமாக இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மீதி எல்லாரும் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள். தமிழ்நாட்டில் இந்தப் பத்து நாள் பள்ளிகள் ஓடுவதே அந்தப் பதினேழு வயதுக்காரர்களால்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவர்களுக்கும் அது நல்லதுதான். வீட்டில் உட்கார்ந்து ரிசல்ட்டை நினைத்துக் கரைவதற்குப் பதில், பாலர் வகுப்பில் மூக்கொழுகுகிற இருபது பேரைச் சமாளிக்கவேண்டியிருக்கும். ஒரு வருஷம் ரிசல்ட் எங்கள் பத்து நாளுக்கு நடுவில் வந்துவிட்டது. அப்போது சாத்தான்குளம் பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும். பிரைமரி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பெண்ணை, “நீ போயிட்டு வா, நான் பார்த்துக்கிடுதேன்” என்றேன். அவள் போகவில்லை. கதையை முடித்து, வசனத்தை இரண்டு தடவை சொல்லவைத்து, பிள்ளைகளுக்குச் சுண்டல் பங்கு வைத்துவிட்டு, அதன்பிறகு துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அண்ணன் சைக்கிளில் பின்னால் ஏறினாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார்கள். ஒரு மணிக்கு அவள் திரும்பி வரும்வரை கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ் என்றதும் அவர்களுக்கு என்ன புரிந்ததோ, தலைப்புப் பாட்டை ஆக்‌ஷனோடு முழுவதும் பாடினார்கள். நர்சிங் படிக்கப் போனாள். இப்போது அயல்நாட்டில் இருக்கிறாள்.

முதல் நாள் கூட்டத்தை நம்பக்கூடாது என்பது டைரக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம். முதல் நாள் புதுப் புத்தகத்துக்கும் அட்டைக்கும் பலூனுக்கும் எல்லாரும் வருவார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் குறையும். மூன்றாம் நாள் யார் வருகிறார்களோ அவர்கள்தான் உங்கள் பிள்ளைகள். மூன்றாம் நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்குச் சாயங்காலமே போய்விடவேண்டும். போனால்தான் காரணம் தெரியும். தம்பிக்கு அம்மை போட்டிருக்கும். அம்மா களை எடுக்கப் போயிருப்பாள், கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இருக்காது. சில வீட்டில் பனைச் சீசனுக்காகக் குடும்பமே பனைவிளைக்குப் போய் விடிலியிலேயே தங்கியிருக்கும். அங்கிருந்து கோயிலுக்கு மணலில் நடந்துவர அரை மணி நேரம். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னோம். பந்தல் ஓரத்தில் சேலையால் இரண்டு தொட்டில் கட்டினோம். கையேட்டில் தொட்டிலுக்கு வகுப்பு கிடையாது. அங்கே உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சங்கீதம் 23 முழுவதையும் படித்து முடித்தாள்.

மே மாதத்தில் இன்னொரு கூட்டமும் வரும். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கிற எங்கள் ஊர்க்காரர்களின் பிள்ளைகள். லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்குச் செருப்பில்லாமல் நடக்க முடியாது, தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். வசன அட்டையை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பார்கள். அவர்கள் ஒரு பக்கம், ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று முதல் நாளே பந்தலில் கோடு விழுந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் கூசுவார்கள். அவர்கள் போட்டிருக்கிற ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கோட்டை அழித்தது சகேயுதான்.

ஜூனியர் வகுப்பு. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆயக்காரர் தலைவன், ஆள் குள்ளம், கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியவில்லை, ஓடிப்போய் மரத்தில் ஏறிக்கொண்டான். “எப்படி ஏறியிருப்பான்?” என்று நான் சும்மா கேட்டுவைத்தேன். சென்னைப் பையன் ஒருவன், “ஏணி வச்சு” என்றான். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அதுவரை வாயே திறக்காத ஒருவன் எழுந்தான். அவன் அப்பா பனையேறி.

“குட்டையான ஆளுதான் டீச்சர் நல்லா ஏறுவாவ. நெட்டையா இருந்தா முதுகு வலிக்கும்” என்றான்.

“அப்படியா?”

“ஆனா அவன் வரி பிரிக்கவன்லா. கை மெத்துன்னு இருந்திருக்கும். நெஞ்சு தேஞ்சிருக்கும்.”

சொல்லிவிட்டு, பந்தல்காலைக் கட்டிப்பிடித்துக் காட்டினான். காலில் தளைநார் எப்படி மாட்டுவது, உள்ளங்கால் இரண்டும் எப்படி மரத்தை நெரிக்கவேண்டும், முருக்குத்தடியை எங்கே சாத்துவது, நெஞ்சு உராயாமல் உடம்பை எப்படிப் பின்னால் வாங்குவது. பழக்கமில்லாதவன் ஏறினால் நெஞ்சுத்தோல் உரிந்து எரியும். இறங்கினபிறகு இரண்டு நாள் சட்டை போட முடியாது. “அப்ப இயேசு, சீக்கிரமா இறங்கி வான்னு சொன்னாவல்லா, சீக்கிரமா இறங்கினா இன்னும் உராயும் டீச்சர்” என்றான். சகேயு அன்றைக்கு விருந்து கொடுத்தபோது நெஞ்செரிச்சலோடுதான் கொடுத்திருப்பான் என்று வகுப்பு ஒருமனதாக முடிவு செய்தது. எத்தனையோ பிரசங்கங்களில் சகேயுவைக் கேட்டிருக்கிறேன். ஒரு பெரிய பணக்காரன், ஊர் பார்க்க, தோல் உரிய மரத்தில் ஏறினான் என்பதை அந்தப் பையன் சொல்லித்தான் என் உடம்பில் உணர்ந்தேன்.

இடைவேளையில் சென்னைப் பையன்கள் எல்லாரும் அவன் பின்னால். பந்தல்காலில் ஏறிப் பார்க்கப்போய் பந்தலே ஒரு பக்கம் சாய்ந்தது. கோயில்பிள்ளை கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

கைவேலையும் அந்த வருஷத்தோடு மாறிற்று. ஐஸ்கிரீம் குச்சியும் ஜிகினாத்தூளும் பசையும் வைத்துப் புகைப்படச் சட்டம் செய்யவேண்டும் என்று பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐஸ்கிரீம் குச்சிக்கு நாங்கள் திருச்செந்தூர் போகவேண்டும். சுற்றிலும் ஓலையாகக் கிடக்கும்போது எதற்கு என்று, கமிட்டியில் பேசின அதே ஆச்சியைக் கூட்டி வந்தோம். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை முடைகிற கை ஊரில் எல்லாருக்கும் உண்டு. ஆச்சிக்குக் கிளி, கிலுக்கு, மீன், காற்றாடி, சின்னப் பெட்டி எல்லாம் வரும். காற்றாடியிலிருந்து தொடங்கினாள். ஓலையில் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு கிழித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுத்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, முள்ளின் முனையைச் சோளத்தட்டையில் செருகவேண்டும். துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் காற்றாடி ஆடும், சுற்றாது. முள் இறுகிவிட்டாலும் சுற்றாது. “முள்ளக் குத்திட்டு ஒரு சுத்துச் சுத்திவிடு, அதுவா இடம் பண்ணிக்கிடும்” என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக் காட்டினாள். பத்து நிமிஷத்தில் பந்தல் முழுக்கக் கிர்ரென்று சத்தம். மும்பையிலிருந்து வந்த பெண்பிள்ளை ஒன்று தன்னுடைய காற்றாடியை ஊருக்குக் கொண்டுபோகவேண்டும் என்று நோட்டுக்குள் வைத்து நசுக்கிவிட்டு அழுதது. ஆச்சி இன்னொன்று செய்து, முள்ளைத் தனியாகக் கடுதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

எங்கள் பந்தலில் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒரு பங்கு பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற இந்துப் பிள்ளைகள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிணறு, ஒரே விளையாட்டுக் கூட்டம். இவர்கள் மட்டும் எங்கே போவார்கள், கூடவே வந்துவிடுவார்கள். மே மாதத்தில் அம்மன் கோயில் கொடையும் வரும். கொடை செவ்வாய்க்கிழமை. ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு, சாமக்கொடை. மறுநாள் புதன்கிழமை காலையில் எங்கள் பந்தலில் பாதிக்குமேல் காலி. வந்தவர்களும் உட்கார்ந்தபடி தூங்குவார்கள். அவர்களில் எங்கள் சபைப் பிள்ளைகளும் நிறைய உண்டு. வில்லுப்பாட்டு நடக்கிற இடத்தில் பிள்ளைகள் சாதி சமயம் பார்த்துக்கொண்டா உட்காரும்? இதைப் பெரிய குற்றமாகச் சிலர் கமிட்டியில் பேசினார்கள். உபதேசியார் நல்ல மனுஷர். “ராத்திரி முழுக்கக் கதை கேட்டுட்டு வந்த பிள்ளைகளுக்கு நம்ம கதையும் அந்த மாதிரி சொல்லிப் பாருங்களேன்” என்றார். அவரே ஒரு பானையைக் கொண்டுவந்து வைத்து, பனைமட்டையால் தட்டிக்கொண்டு யோசேப்பின் கதையைத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் பிள்ளைகள் ‘ஆமா’ போடவேண்டும். யோசேப்பைக் குழிக்குள் தள்ளின இடத்தில் ஒரு பயல் ‘ஆமா’ போட மறுத்து, “தள்ளக்கூடாது” என்று கத்தினான். அண்ணன்மார் பத்துப்பேரும் பாவிகள் என்று பந்தல் கொந்தளித்தது. அதற்குப்பிறகு எங்கள் ஊரில் கதைப்படம் ஒட்டிக் காட்டுகிற ஃபிளானல் போர்டை யாரும் தேடவில்லை.

இந்துப் பிள்ளைகள் வருவதால் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சிறுவர் ஊழியத்தில் வார்த்தையில்லாப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எழுத்தே கிடையாது, வண்ணப் பக்கங்கள் மட்டும். 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் ஒரு பிரசங்கத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கங்களைச் சொன்னார்; 1875-இல் மூடி என்ற பிரசங்கியார் பொன் நிறத்தைச் சேர்த்தார்; பச்சை பின்னால் வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் பச்சை தவிர மற்ற நிறங்களில் ஒரு கொடி தைத்து மாட்டுவண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பிள்ளைகளுக்குப் பிடித்த புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேரி வெயிலில் கறுத்த பிள்ளைகள் முன்னால் கறுப்புப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, இதுதான் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கத்துக்குப் பதில் சட்டி துடைத்த கந்தைத்துணி ஒன்றை ஒட்டிக்கொண்டேன்.

பத்தாம் நாள் முடிந்ததும் ஓர் அறிக்கைப் படிவம் நிரப்பி அனுப்பவேண்டும். மொத்தப் பிள்ளைகள், ஆண், பெண், ஆசிரியர்கள், காணிக்கை என்று கட்டங்கள். கடைசியில் ஒரு கட்டம்: இயேசுவை ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர். கடைசி நாள் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, கை தூக்கச் சொல்லி, எண்ணிப் போடவேண்டும். எட்டு வயதுப் பிள்ளை எதற்கும் கை தூக்கும். சுண்டல் யாருக்கு வேண்டும் என்றாலும் தூக்கும், யார் குறும்பு செய்தது என்றாலும் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துவிட்டுத் தூக்கும். அந்தக் கையை எண்ணிக் கட்டத்தில் போடுவது பொய்க்கணக்கு என்பது என் எண்ணம். அதைவிட, அம்மன் கோயில் தெருவிலிருந்து வந்த பிள்ளையை, வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் நிறுத்தி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா சட்டியடியில் நின்றுகொண்டு என்னை நம்பி அனுப்பியிருக்கிறாள். நான் கதை சொல்வேன், முழு மனதோடு சொல்வேன், எனக்கு அந்தக் கதைகளில் விசுவாசம் இருக்கிறது. அதோடு என் வேலை முடிந்தது. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிடுவேன். ஒரு வருஷம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எங்கள் போதகர் ஐயர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதில் எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிறைவு நாள் எப்போதும் ஞாயிறு. அன்றைக்குப் பவனி, பிறகு ஆராதனையில் பிள்ளைகள் நிகழ்ச்சி. செலவுக்குப் பணம் வந்த விதத்தைச் சொன்னால் நகரத்துச் சபைக்காரர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வீடு கருப்பட்டியும் முருங்கைக்காயும் கோழியும் காணிக்கையாகக் கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். நாலு கருப்பட்டி உள்ள ஒரு கொட்டானைச் சென்னையிலிருந்து வந்த கடைக்காரர், ஊரில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று, கடை விலையைப் போலப் பல மடங்குக்கு எடுப்பார். எங்கள் அடுத்த வருஷத்துச் சார்ட் பேப்பரும் சுண்டலும் ரஸ்னாவும் அதில் வந்துவிடும். மஸ்கோத் அல்வா கிண்டுகிற முதலூர் பக்கத்தில்தானே, அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு துண்டு. தேங்காய்ப்பாலில் கிண்டின அல்வா, கையில் பிசுபிசுக்காது, வெள்ளைச் சட்டைக்கும் ஆபத்தில்லை.

பரிசுதான் சண்டை. வருகைக்குப் பரிசு என்பதை நான் எடுத்துவிட்டேன். பத்து நாளும் வந்த பிள்ளை யார்? வேலை செய்யவேண்டியில்லாத வீட்டுப் பிள்ளை. ஒரு நாள் பதநீர் சுமந்துவிட்டு ஒன்பதரைக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க வாசலில் நின்ற பிள்ளைக்குப் பரிசு இல்லை என்றால் எப்படி? எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர் வாங்கிக் கொடுத்தோம். “ஃபர்ஸ்ட் பிரைஸ் இல்லாம என்ன விழா?” என்று சில பெற்றோர்கள் முறுமுறுத்தார்கள். வசனத்துக்கு மட்டும் ஒரு பரிசை விட்டுவைத்தேன். தொட்டில் ஆட்டினவள் இரண்டு வருஷம் தொடர்ந்து அதைத் தட்டிக்கொண்டு போனாள்.

மாற்றலாகி நான் ஊரைவிட்டு வந்து வெகுகாலமாகிவிட்டது. பனை ஏறுகிறவர்கள் இப்போது ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். விடிலிகள் பெரும்பாலும் இல்லை. வி.பி.எஸ். பல இடங்களில் ஐந்து நாளாகச் சுருங்கிவிட்டது. புரொஜெக்டர் வந்திருக்கிறது, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் வந்திருக்கிறது, நீட் கோச்சிங்குக்குப் போவதால் பிளஸ் டூ பிள்ளைகள் டீச்சராக வருவதில்லை என்கிறார்கள். போன ஏப்ரலில் எங்கள் ஊர்ப் புது டைரக்டர் போன் செய்தாள். ஒரு காலத்தில் என்னிடம் பாலர் வகுப்பில் இருந்தவள். பிள்ளைகள் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை, பாட்டை மாற்றலாமா, கேம்ஸ் கூட்டலாமா என்று கேட்டாள்.

“எத்தனை மணிக்கு வைக்கே?”

“கையேட்டுல ஒம்பதுன்னு போட்டிருக்குக்கா.”

“பிள்ளைகளுக்க அம்மாமாரெல்லாம் இப்ப எங்க வேலைக்குப் போறாவ?”

கொஞ்சம் யோசித்தாள். “முக்காவாசிப் பேரு நூறு நாள் வேலைக்குக்கா. எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைகள வீட்ல விட்டுட்டுப் போயிருவாவ. பிள்ளைக கையில போனக் குடுத்துட்டுப் போயிருவாவ.”

“அப்ப ஏழரைக்குக் கதவத் தொற.”

“ஏழரைக்கா? எந்த டீச்சர்க்கா வருவாவ?”

“நீ வா. தொட்டில் கட்டச் சேலை இருக்கான்னு பாரு.”